ரிட்டன் டிக்கெட்

எங்கள் வார்டில் அவருக்கு வைத்த பெயர் ரிட்டன் டிக்கெட். காலமெல்லாம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இதயம் பலவீனமாகி, காலிலும் நெஞ்சிலும் நீர் கோத்துக்கொண்டு வருவார். ஊசி போட்டு நீரை இறக்கி வீட்டுக்கு அனுப்புவோம். மாதம் திரும்புவதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டு அதே கட்டிலில் வந்து படுப்பார். பெயரை வைத்தது நான்தான். அது காதில் விழுந்து அவரே சிரித்துவிட்டதால் எனக்கு உறுத்தவில்லை.

கடைசித் தடவை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை இப்படி நீர் கோத்தா அவரு ஹார்ட் தாங்காது சிஸ்டர். வீட்டுல என்னமோ தப்பு நடக்குது. உப்பாத்தான் இருக்கும். போய்ப் பாருங்க."

உப்பு என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளி திரும்பி வந்தால் குற்றவாளி எப்போதும் நோயாளிதான். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வேலையை அந்த வருடம்தான் ஆரம்பித்திருந்தார்கள். அதை என் தலையில் கட்டியதில் எனக்குக் கடுப்பு வேறு. அவர் வீட்டு மாடிப்படி ஏறும்போதே, என்னவெல்லாம் சொல்லித் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. அந்த அம்மாவை எங்களுக்கு நன்றாகத் தெரியும். கணவர் படுத்திருந்த நாளெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றவர். மருந்து வாங்கவா, ரத்தம் கொண்டுபோய்க் கொடுக்கவா, எதுவானாலும் "அம்மா, கொஞ்சம் கீழ போய்ட்டு வந்துடுங்க" என்று அவரைத்தான் விரட்டுவோம். முகம் சுளிக்காமல் போய்வருவார்.

நேராகச் சமையலறைக்குள் நுழைந்தேன். அடுப்பில் வெந்துகொண்டிருந்த காயை எடுத்து வாயில் போட்டேன். உப்புமில்லை, உறைப்புமில்லை. வைக்கோலைத் தின்பது போலிருந்தது.

"உப்பு டப்பா எங்கம்மா?"

"அவரு கண்ணுல படக்கூடாதுன்னு வீட்டுலயே வெக்கல சிஸ்டர். நானும் இதைத்தான் திங்கிறேன். நாக்கு செத்துப்போச்சு, போங்க."

முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கண்டக்டர், "செக்கிங் முடிஞ்சுதா? டிக்கெட் இல்லாம யாரும் ஏறலையே?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் கணுக்கால் எலும்பு மறுபடியும் வீக்கத்துக்குள் போயிருந்தது. உப்பில்லை என்றால் வேறென்ன?

நீர் பிரிவதற்கான மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். குறைய வேண்டிய அளவு குறைந்துதான் இருந்தது.

"இதை எப்படிப் போடுறீங்க, காட்டுங்க ஐயா."

"போட்டாச்சு. உள்ள போனதை எப்படிக் காட்டுறது?" என்று மழுப்பினார். கூட்டத்துக்குள் நீந்திப் பிழைத்த ஆளுக்கு வாய்ச் சாமர்த்தியம் சொல்லியா தரவேண்டும்.

அதற்குள் அந்த அம்மா ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து, அலமாரியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார்.

"நல்லவேளை, மாத்திரைன்னதும் ஞாபகம் வந்துச்சு. என்னோட சத்து மாத்திரையை இன்னும் போடல. நீங்க குடுத்தனுப்புனதுதான் சிஸ்டர். அதைப் போட ஆரம்பிச்சப்புறம்தான் கொஞ்சம் நடமாட முடியுது."

நான் எதையும் கொடுத்தனுப்பவில்லை. டப்பாவை வாங்கித் திறந்தேன். உள்ளே எல்லாம் பாதியாக உடைத்த வெள்ளை மாத்திரைகள். கண்டக்டரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அந்த அம்மாவை உட்காரவைத்துக் குனிந்து காலைப் பார்த்தேன். போட்டிருந்தது கணவரின் செருப்பு. தன்னுடையதில் கால் நுழையவில்லை. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"எவ்வளவு நாளாம்மா இப்படி?"

"அது கெடக்குது. வயசானா கால் வீங்காதா?"

"படுத்தா மூச்சு முட்டுதா?"

"உக்காந்தே தூங்கிடுவேன்."

கண்டக்டர் அப்போதுதான் வாயைத் திறந்தார். குரலில் கேலி இல்லை.

"ஆஸ்பத்திரிக்கு வான்னா வரமாட்டேங்கிறா. ரெண்டு பேரும் படுத்துட்டா யாரு பாக்குறதுங்கிறா. அங்க படுத்திருந்தப்போ ஒரு சின்ன டாக்டர்கிட்ட இவ காலைப் பாருங்கன்னு கேட்டேன். கீழ போய்ச் சீட்டு போட்டு வரிசையில நிக்கச் சொன்னாரு. இவ என்னை விட்டுட்டுப் போகல. எனக்குக் கேக்குற மருந்து இவளுக்கும் கேக்கும்னு பாதியை உடைச்சுக் குடுத்தேன். என்னோடதுன்னு சொன்னா வாங்கமாட்டா. அதான் சத்து மாத்திரைன்னேன்."

"ரெண்டு பேருக்குமே பத்தலை ஐயா" என்றேன். சேர்த்து வைத்திருந்த திட்டில் அவ்வளவுதான் வெளியே வந்தது. அவரையும் பிடிக்கவில்லை, எங்களையும் பிடிக்கவில்லை. அழுகை வந்தது.

டாக்டருக்குப் போன் போட்டு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டில் கேட்டேன். ஆண்கள் வார்டு, பெண்கள் வார்டு என்று இழுத்தார். "அப்படின்னா இவங்க வரமாட்டாங்க டாக்டர்" என்றேன். மூலையில் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்யச் சொன்னார்.

பரிசோதித்துப் பார்த்ததில் அந்த அம்மாவின் இதயம் அவருடையதைவிட மோசமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். இப்போது எங்கள் வார்டில் துணைக்கு இருப்பவர்களையும் உட்காரவைத்து பிரஷர் பார்க்கிறோம், காலைப் பார்க்கிறோம். இருக்கிற வேலை போதாதா என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

அவர்களைச் சேர்த்த மறுநாள் காலை அந்த அறைக்குள் போனேன். முழு மாத்திரை உள்ளே போய், கண்டக்டர் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் அந்த அம்மா விழித்திருந்தார்.

"அவரு திரும்பத் திரும்ப மூச்சுக்கு அல்லாடுனது என்னாலதானா சிஸ்டர்?"

"இல்லம்மா, எங்களால. அத்தனை நாள் எங்க முன்னாலயே நின்னீங்க. ஒரு தடவை குனிஞ்சு பாத்திருக்கலாம்."

"நீங்க எப்படிப் பாப்பீங்க? நான்தான் துணியை இறக்கிவிட்டு மறைச்சேன். தெரிஞ்சிருந்தா என்னை அவரு பக்கத்துல நிக்க விட்டிருக்கமாட்டீங்களே."

உண்மைதான். விட்டிருக்கமாட்டோம்.