மாவர் தட்டிப் பார்த்த ரிவிட்டுகள்

இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துத் தொழிற்சாலையில் நாங்கள் செய்துகொண்டிருந்தது பாலைவனத்துப் படைக்குத் தண்ணீர்த் தொட்டியாம். வெளியே அப்படித்தான் சொல்லவேண்டும் என்று உத்தரவு. தண்ணீர்த் தொட்டிக்கு எந்தப் புண்ணியவான் பீரங்கி வைக்கத் துளை விடுவான்? கேட்டால் வேலை போய்விடும்.

தொட்டி என்று சொன்ன அந்தப் போர் வண்டிக்குச் சக்கரத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் இரும்புத் தகடுகளைக் கோத்த பட்டை. முதலில் செய்த பட்டை பள்ளத்தைக் கண்டாலே கழன்று விழுந்தது. புதுப் பட்டைக்குத் தகடுகளை இறுக்கும் ரிவிட் ஆணி அடித்தவர்கள் நாங்கள், பன்னிரண்டு பெண்கள். ஆண்கள் போருக்குப் போய்விட்டதால் எங்களைச் சேர்த்திருந்தார்கள். ஃபோர்மேன் மாவருக்கு எங்களைக் கண்டாலே ஆகாது.

"பொம்பளைங்க அடிச்ச ரிவிட்டு அத்தனையும் பள்ளத்துல பொலபொலன்னு கொட்டப்போவுது. கொட்டுச்சுன்னா பன்னெண்டு பேரும் பழையபடி துணி வெளுக்கப் போங்க" என்றார், எல்லோர் முன்னாலும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷம் சலவைக்கூடத்துச் சோடாவில் வெந்த கை இது. மறுபடி அங்கேயா?

"கொட்டலைன்னா?" என்றேன்.

"கொட்டலைன்னா பாக்கலாம் போ."

1916 ஜனவரிக் குளிரில், வண்டியைச் சோதிக்க வயலில் பெரிய பள்ளம் வெட்டி வைத்திருந்தார்கள். ராணுவ அதிகாரிகள் வரிசையாக நின்றார்கள். வண்டி உறுமிக்கொண்டு வந்து பள்ளத்துக்கு மேலே மூக்கை நீட்டியது. என் பக்கத்தில் நின்ற வின்னி என் கையை அழுத்திக் கிள்ளினாள்.

"ஹெட்டி, பட்டை தொங்குதுடி!"

"தொங்கட்டும்டி, விழாம இருந்தா போதும்!"

மூக்கு எதிர்க்கரையில் தொம்மென்று விழுந்தது. பட்டை மண்ணைக் கவ்வியது. அத்தனை பெரிய உடம்பும் ஆடி அசைந்து மேலே ஏறி அக்கரைக்குப் போய்விட்டது. அம்மாடி, என்ன கூச்சல்! அதிகாரிகள் தொப்பியை வீசினார்கள். நாங்கள் சேற்றிலேயே குதித்து ஆடினோம். வின்னி முன்பின் தெரியாத ஒரு மேஜரைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டாள்.

மாவர் மட்டும் கைதட்டவில்லை. சின்னச் சுத்தியலோடு சேற்றில் படுத்து வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனார். ஒவ்வொரு ரிவிட்டாகத் தட்டினார். தளர்ந்த ரிவிட் செத்த சத்தம் போடும். ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். அரைமணி நேரம், அத்தனையும் கணீர் கணீரென்றே ஒலித்தன.

வெளியே வந்தவர் முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. மீதியெல்லாம் சேறு.

"என்ன சார், ஒண்ணாவது ஆட்டம் கண்டுச்சா?" என்று வின்னி சீண்டினாள்.

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. என்னிடம் வந்தார்.

"நூறு வண்டி கேக்கறாங்க, ஹெட்டி. உனக்குத் தங்கச்சிங்க யாராவது இருக்காங்களாம்மா?"

"மூணு பேர் இருக்காங்க சார்" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.