லிஜி டீச்சரின் நெய்மீன்

அந்தப் பள்ளி ஆசிரியர் அறையில் மதியம் எல்லோருடைய டப்பாவும் மேசை நடுவே திறந்திருக்க வேண்டும். தன் பக்கம் இழுத்துக்கொண்டால் கஞ்சத்தனம். லிஜி டீச்சரின் வறுத்த மீன் தினமும் வர்க்கி சாருக்கே போய்விடும். ஒரு நாளாவது தன் மீனைத் தானே தின்ன வேண்டும், இன்று சொல்லிவிடுவது என்று காலையிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள்.

“நெய்மீனா! எனக்கு இன்னைக்கு யோகம்தான் டீச்சரே” என்று சார் எடுத்துக்கொண்டார்.

“சாரே...”

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார்கள்.

“என்ன மோளே?” என்றார் சார்.

லிஜி சாரின் கையிலிருந்த மீனைப் பார்த்தாள்.

“நாளைக்கு ரெண்டு துண்டு கொண்டு வரேன் சாரே.”

“ரெண்டையும் இதே மாதிரி மொறுமொறுன்னு வறுத்துடு” என்றார் சார்.

லிஜி வெறும் சோற்றைப் பிசைந்தாள்.