பூட்டிய கொட்டகையில் மூன்று மூட்டை மாவு

கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்தின்மேல் வெண்பனி மிதக்க, ஒசூர் ஆலைகளின் புகைபோக்கிகள் வானை நோக்கிக் கரும்புகை கக்க, எல்லை கடக்கும் சுமையுந்துகள் இடைவிடாது இரைந்தோட, கதிரவன் தயங்கித் தயங்கி எழுந்த அக்காலையில், கூலிக்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த நாற்பது ஒப்பந்தப் பெண்கள் பன்னிரண்டாம் நாளாய் ஆலைவாயிலில் அமர்ந்திருந்தனர். கற்றறிந்த பெருமக்களே, பசி முற்றினால் புரட்சி தானே வெடிக்கும் என்று ஏடுகளில் படித்துத் தலையாட்டியிருப்பீர்கள். அடடா, அதை எழுதியவன் ஒருவேளையேனும் பட்டினி கிடந்தானோ என்னவோ!

சங்கத் தலைவன் ஜெகதீஷ் அதை முற்றும் நம்பினான். உத்தனப்பள்ளி உழவர் அனுப்பிய மூன்று மூட்டைக் கேழ்வரகு மாவை எட்டு நாளாய்ச் சங்கக் கொட்டகையில் பூட்டி வைத்துவிட்டு, இவர்கள் கொதித்தெழும் நாளுக்காகக் காத்திருந்தான். பசி முற்றியது, எவரும் கொதிக்கவில்லை. ஒன்பது மணிக்கு வந்து மன்னிப்புக் கடிதத்தில் ஒப்பமிடுவோர்க்குக் குறைத்த கூலியில் வேலை உண்டு என ஆலையார் அறிவித்ததும், தள்ளாடி எழுந்து வரிசையில் முதலில் போய் நின்றவள், அவர்களில் மூத்தவளான செல்லி. உடன் அமர்ந்திருந்த மாதேஸ்வரி அதைக் கண்டாள். செல்லி ஒப்பமிட்டால் எல்லாரும் இடுவர். தானும் இட்டுவிடுவாள் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

"கொட்டாய் சாவியக் குடுங்கண்ணா," என்றாள் ஜெகதீஷிடம்.

"வயிறு ரொம்பிட்டா அப்பறம் யாரு மாதேசு போராட வருவாங்க?"

"பட்டினியா கெடந்தா காலுல வுழத்தான் தோணுது. செல்லியக்கா எங்க நிக்குதுன்னு பாருங்க!"

அவன் தயங்கினான், அவள் சாவியைப் பறித்துக்கொண்டு ஓடினாள். மூன்று கற்களின்மேல் அண்டா ஏறியது. கொதிநீரில் மாவைக் கொட்டி, இருவர் அண்டாவை அழுத்திப் பிடிக்க, மாதேஸ்வரி துடுப்பை இரு கையாலும் பற்றிக் கட்டி தட்டாமல் கிண்டினாள். களியின் மணம் எட்டியதும் வரிசை குலைந்தது. உருண்டையை மிளகாய்ச் சாற்றில் தோய்த்து விழுங்கிய செல்லி, விழுங்கிக்கொண்டே அழுதாள்.

ஒன்பதுக்கு மேலாளர் தாளை நீட்டினார். நால்வர் உண்ட கையோடு ஒப்பமிட்டு உள்ளே போயினர். அவர்களைப் பழிப்பது நம் வேலையன்று. செல்லி கை கழுவி, முந்தானையில் துடைத்து, நிமிர்ந்து நின்றாள்.

"கொறச்ச கூலியத் திருப்பிக் குடுங்க சார். கையெழுத்த அப்பறம் பாக்கலாம்."

முப்பத்தைந்து பேர் அவள் பின்னே வந்து நின்றனர்.

"எட்டு நாளு பூட்டி வச்சிட்டனே," என்று ஜெகதீஷ் அண்டாவருகே குந்திவிட்டான்.

சினத்தைப் பசி மூட்டலாம்; அச்சினத்தோடு எழுந்து நிற்கக் கால்களுக்கு உணவு வேண்டும். ஆலை இறங்கி வருமா, மாவு முதலில் தீருமா, யாரறிவார்? மாதேஸ்வரி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, நாளைக்கு விறகு தேடிப் புறப்பட்டாள்.