நாற்பத்தோரு பேர் கேட்ட சிரிப்பு

முதல் தடவை கூப்பிட்டபோதே எனக்குக் கேட்டுவிட்டது. கேட்டும் நான் திரும்பவில்லை. இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

இப்படி நினைத்துக்கொண்டேதான் நீலாவதி அன்று கோப்பைகளைக் கிளேஸில் முக்கிக்கொண்டிருந்தாள். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் அவள் வேலை பார்த்த பட்டறையில் டீக்கோப்பைகள் செய்தார்கள். வாளியில் பால்போல நிற்கும் கிளேஸில், அந்தப் பளபளப்புப் பூச்சில், கோப்பையை ஒரு முக்கு முக்கி எடுத்து, ஈர ஸ்பாஞ்சில் அதன் அடியைத் துடைத்து, பலகையில் வரிசையாக வைக்க வேண்டும். அடியைத் துடைக்காமல் விட்டால் சூளைச் சூட்டில் கிளேஸ் உருகிக் கோப்பை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பதினாறு வருஷமாகச் செய்கிற வேலை. கை தானாகச் செய்தது. மனம் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம். அன்று அது பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தது.

அவள் கணவன் கொளஞ்சிநாதனுக்கு வேப்பூர் நெடுஞ்சாலையில் பஞ்சர் கடை. காலையில் இருவரும் பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்து நடப்பார்கள். அவன் பஸ் ஏறுவான். அவள் பட்டறைக்கு நடையைக் கட்டுவாள். அன்று அவனை ஏற்றிவிட்டு, அவனுடைய சோற்றுப் பையையும் தன் பையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு இவள் பாட்டுக்கு நடந்துவிட்டாள். அவன் ஜன்னலில் தலையை நீட்டி, "இந்தா!" என்று கத்தினான். இருபத்திரண்டு வருஷமாக அவளை அவன் கூப்பிடுவது அப்படித்தான். மற்றவர்களிடம் பேசும்போது "எங்க வூட்ல" என்பான். காலை எட்டு மணிக்கு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் "இந்தா" என்றால் எத்தனை பெண்டாட்டிகள் திரும்ப மாட்டார்கள்? நாலு பேர் திரும்பினார்கள். அது வேறு யாருடைய இந்தாவோ என்று நீலாவதி நடந்துகொண்டிருந்தாள். கண்டக்டர் விசில் அடித்தார்.

"நீலா!"

அவளுக்குக் கால் நின்றுவிட்டது. குரல் யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. பெயர்தான் புதிது. பிறந்த வீட்டில் அவள் நீலாவதி. மாமியாருக்கும் நீலாவதி. வாக்காளர் அட்டையில் நீலாவதி கொளஞ்சிநாதன். இந்தப் பெயரைப் பாதியாக வெட்டி அழகு பார்த்தவர்கள் ஊரில் ஒருவரும் இல்லை. அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல் இருந்தது.

"ஏ நீலா!"

இப்போது திரும்பினாள். பாதி பஸ் ஸ்டாண்டு அவனைப் பார்த்தது. ஓடிப்போய்ப் பையைக் கொடுத்தபோது அவன் காது மடல்கூடச் சிவந்திருந்தது.

"காது கேக்கல?"

"ஹாரன் சத்தம்," என்றாள்.

கோப்பைகளை முக்கிக்கொண்டிருந்தபோது அவள் அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவசரத்தில் வாயில் வருவது புதிதாகச் செய்த பெயராக இருக்க முடியாது. உள்ளே எப்போதோ வைத்திருந்தால்தான் அவசரத்துக்குக் கைக்கு வரும். அப்படியென்றால் இந்த மனுஷன் மனசுக்குள் என்னை நீலா என்றுதான் வைத்திருக்கிறானா? எத்தனை வருஷமாக? குழம்பில் உப்பில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோதும் உள்ளே நீலாதானா?

அப்போதுதான் அவள் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு, கையில் இருந்த கோப்பையைப் பார்த்து.

எதிரே கேமரா ஓடிக்கொண்டிருந்தது என்பதை அவள் மறந்தே போயிருந்தாள்.

கேமராவைக் கொண்டுவந்தவள் அகல்யா, நீலாவதியின் அக்கா மகள். பக்கத்திலிருக்கும் மங்களூர் கிராமத்திலிருந்து வந்து நீலாவதியின் வீட்டில் நாலு வருஷம் தங்கிப் பள்ளிக்கூடம் படித்த பிள்ளை. தலை பின்னிவிட்டது, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது எல்லாம் நீலாவதிதான். இப்போது பாண்டிச்சேரியில் விஸ்காம் கடைசி வருஷம். கூடப் படிக்கும் வேல்விழி கைகளைப் பற்றி ஒரு பாட்டு எழுதிப் பாடியிருந்தாள். அதற்கு நாலரை நிமிஷத்தில் ஒரு மியூசிக் வீடியோ எடுக்க வேண்டும். அதுதான் பரீட்சை. நீலாவதியின் பட்டறையிலேயே எடுத்தார்கள்.

"எடுத்து முடிச்சா ஆச்சா?" என்று நீலாவதி கேட்டிருந்தாள்.

"எங்க ஆச்சு? சனங்ககிட்ட போட்டுக் காட்டணும் சின்னம்மா. அவங்க என்ன சொல்றாங்களோ அதை எழுதி வாங்கி, அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தணும். என்ன மாத்துனோம், ஏன் மாத்துனோம்னு ரிப்போர்ட் எழுதணும். அதுக்கு மட்டுமே இருபத்தஞ்சு மார்க்கு."

முதலில் பட்டறையிலேயே போட்டுக் காட்டினாள். நீலாவதி வீட்டுக்கு அரசாங்கம் கொடுத்த கலர் டிவியை ஆட்டோவில் ஏற்றிவந்து களிமண் மூட்டைகள்மேல் வைத்தார்கள். மதியச் சோற்று நேரம். பெண்கள் தூக்குவாளியோடு சுற்றி உட்கார்ந்தார்கள். படம் முடிந்ததும் சொர்ணாம்பாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். அங்கே அவள்தான் வயதில் மூத்தவள்.

"பாட்டு எப்ப வரும் எப்ப வரும்னு பாத்துக்கினே நான் சோத்தைத் தின்னு முடிச்சுட்டேன்டி."

அகல்யா நோட்டில் எழுதிக்கொண்டாள்: ஆரம்ப இசை நீளம்.

"நெருப்பை எதுக்கு அவ்ளோ நேரம் காட்டுற?" என்றாள் திரௌபதி. நீலாவதிக்குப் பக்கத்து வாளி அவளுடையது. "நாங்கதான் தெனம் அதுல வேகறமே. அது கெடக்கட்டும். உங்க சின்னம்மா முக்கறதைக் காட்டுன, பலகையில வெக்கறதைக் காட்டுன. அடி தொடைக்கறது எங்க? எங்க மேஸ்திரி இதைப் பாத்தாருன்னா அத்தனை கோப்பையும் தட்டுல ஒட்டிக்கிச்சுன்னு தலையில கைய வெச்சு உக்காந்துடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அகல்யாவுக்கு முகம் சுண்டியது. மறு நிமிஷமே, "ஆமாக்கா, எனக்குத் தோணவே இல்ல பாருங்க," என்று அதையும் எழுதினாள். அடுத்த சனிக்கிழமை அகல்யாவும் வேல்விழியும் வந்து அடி துடைப்பதை எடுத்தார்கள். ஸ்பாஞ்சுமேல் கோப்பை ஒரு சுற்று சுற்றி, அடியில் மண்ணின் நிறம் வட்டமாகத் தெரிந்தபோது வேல்விழி பாடும் வரி அதில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. அன்று நீலாவதிக்கே அது புதிதாகத் தெரிந்தது. பதினாறு வருஷமாகத் துடைத்திருக்கிறாள், ஒரு நாளும் பார்த்ததில்லை.

பிறகு கல்லூரியில் அறுபது பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தத் தாள்களை அகல்யா ஒரு ஞாயிற்றுக்கிழமை நீலாவதி வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"சின்னம்மா, நீ ஸ்டார் ஆயிட்ட. அறுபதுல நாப்பத்தோரு பேரு உன் சிரிப்பைத்தான் எழுதியிருக்காங்க. இன்னும் கொஞ்ச நேரம் காட்டக்கூடாதான்னு கேக்கறாங்க."

"போடி."

"நெஜமா. இதைக் கேளு. 'அந்த அம்மா தன் பிள்ளையை நினைத்துச் சிரிக்கிறார்.' இன்னொண்ணு, 'போனஸ் வந்திருக்கும்.' இது எங்க சாரு: 'உழைப்பின் நிறைவு அந்த முகத்தில் தெரிகிறது.' இவன் பாரு, 'எதிரில் லவ்வர் நிற்கிறாரா?'ன்னு எழுதியிருக்கான்."

நீலாவதி வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே குனிந்துகொண்டாள். ஊர் பேர் தெரியாத அறுபது பிள்ளைகள் தன் முகத்துக்குள் கையை விட்டுத் துழாவுவதுபோல் இருந்தது. கோபம் வரவில்லை. ஒருவருக்கும் கிடைக்கவில்லை என்பதில் ஒரு திருட்டு சந்தோஷம்தான் வந்தது.

கொளஞ்சிநாதன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அகல்யா அவனையும் விடவில்லை. படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, பேனாவும் தாளுமாக எதிரில் உட்கார்ந்தாள்.

"எந்தக் காட்சி மனசுல நின்னுச்சு சித்தப்பா?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது."

"அப்பிடி எழுத முடியாது. ஒண்ணு சொல்லுங்க."

"இன்னொரு தபா போடு."

இன்னொரு தடவை போட்டாள். அவன் பார்த்தான். நீலாவதி சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்று அவனைப் பார்த்தாள். டிவியில் அவள் முகம் வந்தபோது அவன் கொஞ்சம் முன்னால் சாய்வது தெரிந்தது.

"அந்தச் சிரிப்பு," என்றான்.

"மாத்தணும்னா என்ன மாத்தலாம்?"

"சீக்கிரம் முடிஞ்சுபூடுது."

"எதுக்காகச் சிரிக்கிறாங்கன்னு நெனைக்கிறீங்க?"

அவன் டிவியையே உற்றுப் பார்த்தான். பஞ்சரான ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கும்போது அவன் முகம் அப்படித்தான் இருக்கும். "தெரியலையே பாப்பா," என்றான் கடைசியில். "வூட்ல இப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்ல."

அட மனுஷா, நீதானே, என்று சொல்ல நீலாவதிக்கு வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வெட்கப்பட்டு இனி அந்தப் பெயர் பக்கமே போக மாட்டான். இல்லாவிட்டால் அவளைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு தினமும் நீலா நீலா என்று கூப்பிடுவான். அதுதான் இன்னும் மோசம். அவளைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று கூப்பிடும் பெயர், அன்று பஸ் ஜன்னலில் வந்த பெயர் ஆகாது. அடுப்பில் குழம்பு பொங்கியது. உள்ளே போனாள்.

புதன்கிழமை அகல்யாவும் வேல்விழியும் கேமராவோடு பட்டறைக்கு வந்தார்கள். சாரின் யோசனை: அந்தச் சிரிப்பிலேயே வீடியோ தொடங்கி அதிலேயே முடிய வேண்டும். கையில் இருப்பதோ நாலே விநாடி. பத்து விநாடியாவது புதிதாக எடுக்க வேண்டும். அன்று கட்டியிருந்த நீலச் சேலையையே கட்டிவரச் சொல்லியிருந்தாள் அகல்யா. நீலாவதி கட்டிவந்திருந்தாள். பிள்ளை கேட்டதை மறுத்து நீலாவதிக்குப் பழக்கமில்லை.

"ம், ஆன்ட்டி, சிரிங்க," என்றாள் வேல்விழி.

நீலாவதி சிரித்தாள்.

"ரேஷன் கார்டுக்குப் போட்டோ புடிக்கற மாதிரி இருக்குதுடி," என்றாள் பக்கத்து வாளியிலிருந்து திரௌபதி.

இரண்டாவது தடவை பல் தெரிந்தது. மூன்றாவது தடவை, திரௌபதி மேஸ்திரிபோல் நடந்து காட்டியதில் நீலாவதி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அது நல்ல சிரிப்புதான். கேட்ட சிரிப்பு இல்லை. நாலாவது தடவை கேமராவைப் பார்க்காமல் இருப்பதிலேயே கவனமாக இருந்து, ஏழெட்டுக் கோப்பைகளை அடி துடைக்காமல் பலகையில் வைத்துவிட்டாள். "அய்யய்யோ!" என்று அவளே ஓடி எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"ஊரே கேக்குது, ஒரு சிரிப்பைக் குடுத்துத் தொலையேன்," என்றாள் சொர்ணாம்பாள். "சிரிச்சா என்ன, வாயில இருக்கற முத்து கொட்டிடுமா?"

அகல்யா எல்லோரையும் கையமர்த்தினாள். வந்து நீலாவதியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவள் முழங்கால்மேல் கையை வைத்தாள். சின்ன வயதில் ஏதாவது வேண்டுமென்றால் இப்படித்தான் வைப்பாள்.

"சின்னம்மா. எனக்கு என்னான்னு சொல்ல வேணாம். நான் கேக்கவே மாட்டேன். அன்னிக்கு என்ன நெனச்சியோ அதையே மறுபடி நெனச்சுக்கோ. அது போதும். முகத்துல தானா வரும். வேல்விழி எடுத்துக்குவா."

நீலாவதி அந்தக் கையைப் பார்த்தாள். நகத்தில் பேனா மை. இருபத்தைந்து மார்க்கு. பிள்ளை மூன்று வாரமாகச் சரியாகத் தூங்காதது கண்ணில் தெரிந்தது. சொன்னதிலும் தப்பில்லை. நினைத்தால் வரும். நாக்குக்கு அடியில் வைத்த கற்கண்டுபோல அது அங்கேயே இருந்தது. ஒரு தடவை புரட்டினால் போதும்.

ஆனால் ஒரு தடவையோடு விட மாட்டார்கள். வெளிச்சம் பத்தவில்லை, இன்னொரு தடவை. கை மறைத்துவிட்டது, இன்னொரு தடவை. பட்டறையில் பிளாஸ்டர் அச்சு எப்படித் தேயும் என்று அவளுக்குத் தெரியும். முதல் கோப்பையில் பூவின் இதழ் கூராக நிற்கும். நூறாவதில் அது பூவா புள்ளியா என்றே தெரியாது. அச்சு தேய்ந்தால் வேறு அச்சு ஊற்றிக்கொள்ளலாம். இவளிடம் இருந்ததோ ஒன்றே ஒன்று. ஒரே ஒரு காலை, ஒரு ஜன்னல், இரண்டு கூப்பாடு. அதில் ஒன்று, அவளுக்குக் கேட்டது என்று கூப்பிட்டவனுக்கே தெரியாது. அந்த அறியாமையையும் சேர்த்துத்தான் அவள் வைத்திருந்தாள்.

இந்தப் பிள்ளைக்காகச் சோற்றைக் கொடுத்திருக்கிறாள், தூக்கத்தைக் கொடுத்திருக்கிறாள். கொடுத்ததற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. இனியும் கேட்டதெல்லாம் கொடுப்பாள்.

"அன்னிக்கு எடுத்தது இருக்குதுல்ல, அதை வெச்சுக்கோ பாப்பா," என்றாள் மெதுவாக. "அது எனக்குத் தெரியாம நீங்க எடுத்தது. அது உங்களுது."

"நாலு செகண்டுதான் சின்னம்மா இருக்குது. வராதுன்னு பயப்படறியா? எத்தனை டேக்கு ஆனாலும் பரவால்ல."

வராது என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். அகல்யாவும் நம்பிவிடுவாள். ஹாரன் சத்தம் என்று சொன்னதுபோல் இதையும் சொல்லலாம். நீலாவதி அவள் முகத்தை நிமிர்த்தி, நெற்றியில் விழுந்த முடியை ஈரக் கையின் புறத்தால் ஒதுக்கிவிட்டாள். அகல்யாவின் நெற்றியில் கிளேஸ் ஒரு கோடாக ஒட்டியது.

"வரும்," என்றாள். "வேணாம்."