அவங்க பாலம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன்; நகரசபைத் தலைவியின் கார் ஓட்டுநர். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர் கை கழுவும்போது சொன்னதை, அவர் கை துடைப்பதற்குள் நான் திருடிவிட்டேன்.

முதல் வரியை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். 'ஒற்றுமை விளக்கைக் கையில் ஏந்தி அவர்...' (வேண்டாம். இது அவருடைய தேர்தல் நோட்டீஸிலேயே இருக்கிறது.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். தலைவி ஒரு பல் மருத்துவர். "ஜெயிச்ச மறுநாள்லேருந்து எனக்குக் கட்சி கிடையாது" என்று தெருத்தெருவாகச் சொல்லி ஜெயித்தவர்.

2

சபையில் தலைவியைச் சேர்க்காமல் அவர் கட்சிக்குப் பதினோரு பேர், எதிர்க்கட்சிக்கும் பதினோரு பேர். சமமாக நின்றால் தலைவியின் ஓட்டுதான் முடிவு.

பள்ளிக்கூடத்துக்கும் வீடுகளுக்கும் நடுவே ஒரு கால்வாய். பிள்ளைகள் தண்ணீர்க் குழாயின் மேல் நடந்து கடந்தார்கள். ஒரு சிறுமி வழுக்கி விழுந்து கை முறிந்ததும், எதிர்க்கட்சி உறுப்பினரான ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் நடைபாலம் கேட்டுத் தீர்மானம் கொடுத்தார்.

வாக்கெடுப்புக்குப் போகிற வழியில், காரில், தலைவிக்குக் கட்சிச் செயலாளரின் போன், ஸ்பீக்கரில்.

"நல்ல பாலம்தாம்மா. யாரு இல்லேன்னா? ஆனா அது அவங்க பாலம்."

"பாலத்துல என்னங்க அவங்க, நம்ம?"

"இன்னிக்குத் தோக்கடிங்க. மூணு மாசம் கழிச்சு நாமளே கொண்டு வருவோம்."

"அதுக்குள்ள மழை வந்துடும்."

"மழையா நம்ம கையில இருக்கு? ஓட்டு உங்க கையில இருக்கு."

தலைவி ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார்.

(இங்கே அவருடைய மனப்போராட்டத்தை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். "கண்ணாடியை ஏத்தி இறக்குனதோட சரி மாப்ள. நீங்களா எதுவும் சேர்க்காதீங்க" என்றார் மச்சான். கிழித்துவிட்டேன்.)

3

முடிவு ஒன்று: தலைவி பாலத்துக்கு ஓட்டுப் போடுகிறார், சபையே எழுந்து கைதட்டுகிறது. என் மனைவி படித்துவிட்டு, "எந்த ஊர்ல?" என்றாள்.

முடிவு இரண்டு: தலைவி எதிர்த்து... (மனம் வரவில்லை. எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியவர் அவர்தான். வலிக்கவே இல்லை.)

4

நடந்தது வேறு. தலைவி மாஸ்டரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். காரில் விட்டுப்போன மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோன மச்சான் பக்கத்திலேயே நின்றார்.

"உங்க தீர்மானத்துக்குக் கை தூக்க எனக்குத் தைரியம் வரலை, மாஸ்டர். சொல்லவே வெக்கமா இருக்கு."

மாஸ்டர் அவர் கையிலிருந்த தீர்மானத் தாளை வாங்கித் தன் பெயரை அடித்தார். "உங்க ஆள் யாராவது ஒருத்தர் பேரை எழுதிக்குங்க. பாலம் வந்தா சரி."

தீர்மானம் தலைவி கட்சியின் பெயரில் வந்தது. பதினோரு பேரும் பாய்ந்து கை தூக்கினார்கள். காலைவரை பாலம் கேட்டுக்கொண்டிருந்த எதிர்க்கட்சியில் பத்துப் பேர், "இது இவங்க பாலம்" என்று எதிர்த்தார்கள். மாஸ்டர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து கையை உயர்த்தினார். பன்னிரண்டுக்குப் பத்து. தலைவியின் ஓட்டு தேவைப்படவே இல்லை.

மறுவாரம் மாஸ்டரைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். ஒற்றுமையைப் பற்றி அவர் எந்த மேடையிலும் பேசியதில்லை.

5

மழைக்கு முன்பே பாலம் வந்தது. கல்வெட்டில் செயலாளர் பெயர் இரண்டு இடத்தில்; மாஸ்டர் பெயர் இல்லை. திறப்பு விழாவில் அவர் கூட்டத்தின் கடைசியில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

தலைவி மைக்கைப் பிடித்தார். எழுதி வந்த தாளை நாலாக மடித்தார். "இந்தப் பாலத்தைக் கேட்டது..." என்று ஆரம்பித்தார். செயலாளர் கனைத்தார்.

அந்த நேரம் பார்த்து மச்சான் காரைத் திருப்பி நிறுத்தப் போய்விட்டார்.

ஆகவே நானே விசாரித்தேன். தலைவி கட்சிக்காரர்கள், "எங்க கட்சின்னுதான் சொன்னாங்க" என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள், "எங்க மாஸ்டர் பேரைத்தான் சொன்னாங்க" என்றார்கள். எங்க மாஸ்டராம். மாஸ்டரோ, "மைக் சரியில்லைங்க" என்று முடித்துக்கொண்டார். பிள்ளைகளைக் கேட்டேன். அவர்கள் அதற்குள் பாலத்தில் ஓட ஆரம்பித்துவிட்டார்களாம்.

மீதி வாக்கியத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் எந்தக் கட்சி என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள்.