அறையில் இருந்தவர்கள்

பாட்டுகளைப் பாடகர்களுக்கு விற்கும் அலுவலகத்தின் தலைவி கார்லா தொலைபேசியில் கேட்ட கேள்வி ஒன்றுதான். "ரூம்ல யார் யார் இருந்தீங்க?"

அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துப் பாட்டுத் தெருவில் அதற்கு மேல் எவரும் கேட்பதில்லை. ஒரு பாட்டு பிறக்கும் வேளையில் அறைக்குள் இருந்தவர் அனைவரும் அதற்குப் பெற்றோர். முழுப்பாட்டைத் தந்தவருக்கும் ஒற்றைச் சொல் தந்தவருக்கும் ஒரே பங்கு. பாட்டெழுதும் மர்லீன் தயங்காமல் விடை சொன்னாள்: "நானும் ஹோயட்டும்."

மறுநாள் காலை முதிய பாட்டுக்காரர் ஹோயட் பேருந்தில் வந்து இறங்கி, தொப்பியைக்கூடக் கழற்றாமல் அவள் எழுதும் அறையில் நின்றார்.

"கார்லா கூப்பிட்டு வாழ்த்து சொல்றா. எந்தப் பாட்டுக்குன்னே எனக்குத் தெரியல."

"அக்டோபர்ல இந்த சோபாவுல படுத்துத் தூங்கினீங்களே, அன்னைக்கு எழுதினது."

"தூங்கினேன்ல? குறட்டைக்கும் பங்கு உண்டா?"

"குறட்டையவிட மோசமானதுக்கெல்லாம் இந்தத் தெருவுல பங்கு குடுத்திருக்காங்க, பெரியவரே."

அவர் சிரிக்கவில்லை. "இதோ பாரு பொண்ணே. நாடின் செத்தப்போ சர்ச் ஆளுங்க மூடி போட்ட பாத்திரத்துல சாப்பாடு கொண்டுவந்தாங்க. பாதி இன்னும் ஃப்ரீசர்ல கெடக்கு. இப்போ நீயும் பரிதாபப்பட்டுப் பாட்டு கொண்டு வர்றியா? என் பேர எடுத்துடு."

ஆம் என்று தலையசைத்தால் போதும், பாட்டு அவளுடையதாகிவிடும். சனவரியில் அலுவலகம் அவளை ஓராண்டுக்கு அமர்த்தியிருந்தது. நாள்தோறும் காலையில் யாரேனும் ஒருவரோடு அறைக்குள் அமர்ந்து பாட்டுக் கட்டுவது தொழில். கட்டிய பாட்டுகள் எல்லாம், பாடுவார் இன்றி, வரம் கிடைக்காத வேண்டுதல்களைப் போல அலமாரியில் அடுக்கப்பட்டன. ஆண்டு முடிவதற்குள் ஒரு பாட்டையாவது ஒரு பாடகர் ஏற்காவிட்டால், அலபாமாவில் அக்காளின் அழகு நிலையத்துக்கே திரும்ப வேண்டும். டிசம்பரும் வந்துவிட்டது. இப்போதுதான் ஒரு பாடகி ஒன்றைக் கேட்டு, தனக்கே வேண்டும் என்றிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமைகள் ஹோயட்டுக்கு உரியவை. மார்ச்சில் மனைவி நாடினை அடக்கம் செய்த பின்னும் அவர் ஒரு செவ்வாயும் தவறவில்லை. கண்புரை வந்து வண்டி ஓட்டுவதை விட்டிருந்ததால் மர்லீனே அவரை ஆற்றுக்கு அப்பால் வீட்டில் இறக்கிவிடுவாள். உச்சிவெயிலிலும் அவர் வீட்டு முன்வாசல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். "கரண்ட் உங்களுக்கு மட்டும் சும்மாவா வருது?" என்று ஒவ்வொரு முறையும் சீண்டுவாள். மறந்துவிட்டதாக முணுமுணுத்துக்கொண்டே அவர் உள்ளே போவார்.

அந்த அக்டோபர்ச் செவ்வாயில் அவர் துயிலில் வாய்விட்டுச் சொன்னது அவளுக்கு மட்டுமே தெரியும். ஆண்டு முழுதும் தேடியும் கிட்டாத பல்லவி கேளாமலே வந்து நின்றது. வேண்டிப் பெற்றவளைப் போல அதை ஏந்திக்கொண்டாள். எவரிடமிருந்து பெற்றோம் என்பதை அவரிடம்கூடச் சொல்லவில்லை.

"எடுக்க முடியாது," என்றாள். "உட்காருங்க. கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க."

கிட்டாரை மடியில் வைத்துத் தணிந்த குரலில் பாடினாள். பல்லவி வந்தது:

விளக்க அணைச்சிடாத,
அவ இன்னும் வரல.

ஹோயட்டின் கை தொப்பியின் விளிம்பில் நின்றுவிட்டது. காத்திருத்தலைப் பழம்பாட்டுகள் பெண்ணுக்கே விதித்தன. இந்த நாட்டுப் பாட்டுகளும் பெரும்பாலும் அவ்வாறே. ஒரு முதியவரின் முகத்தில் அது குடியேறியிருப்பதை மர்லீன் அன்றுதான் நேருக்கு நேர் கண்டாள். பாடி முடிக்கும்வரை அவளால் மறுபடி நிமிர முடியவில்லை.

"நான் சொன்னதா?"

"நீங்க சொன்னதுதான்."

"வேற என்ன சொன்னேன்?"

"அவ்வளவுதான். அப்புறம் குறட்டை."

ஹோயட் தொப்பியைக் கழற்றினார். "இது ரேடியோவுல வரும். நாடினோட தங்கச்சி கேப்பா. சர்ச்சுல எல்லாரும் கேப்பாங்க."

"ஆமா. வேணாம்னா சொல்லுங்க. இப்பவே கார்லாகிட்ட பாட்டு இல்லன்னுடறேன்."

"அப்போ உன் வருஷம்?"

"அக்கா கடையில கிழவிங்களுக்கு முடிச்சாயம் பூசறேன். அதுவும் பல்லவி மாதிரிதான், திரும்பத் திரும்ப ஒரே வேலை."

அவர் எழுந்து, "வீட்ல விடு," என்றார்.

வண்டி பாலத்தைக் கடந்து அவர் வீட்டு முன் நின்றது. நண்பகல் வெயில் வீட்டின் மீது பரவியிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வழக்கமான சீண்டல் மர்லீனின் நாவில் எழுந்து அடங்கிற்று. ஹோயட் படியேறி, கதவைத் திறக்காமல், விளக்கை நிமிர்ந்து பார்த்தபடி நின்றார். சட்டைக் கையை உள்ளங்கை மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு விளக்கின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். கோடையில் செத்த விட்டில்கள் தோளில் உதிர்ந்தன.

"ரெண்டாவது சரணம் நொண்டுது," என்றார், திரும்பாமலே. "வர்ற செவ்வாய்க்கிழமை தூங்காம முழிச்சிருக்கேன்."

அவர் உள்ளே சென்ற பின்னும் மர்லீன் வண்டியைக் கிளப்பவில்லை. துடைத்த கண்ணாடிக்குள், கருவறையின் நந்தாவிளக்கைப் போல, அந்தச் சிறு ஒளி பட்டப்பகலில் நின்று எரிந்தது.