அடித்துவிட்ட இருபத்தாறு இடங்கள்

பதிப்பகத்தில் எல்லோரும் அவளைத் திருத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் முதலாளிக்கே மறந்துபோயிருந்தது. பதினெட்டு வருடமாகப் பிறர் எழுத்தைத் திருத்துகிறாள், ஆனால் கண்டபடி வெட்டுகிற கை இல்லை. வேலையைத் தொடங்குமுன் எழுதியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "யாரு படிக்கணும்னு நெனச்சு இத எழுதினீங்க?" பதிலை முதல் பக்க மூலையில் பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகுதான் அடுத்த பக்கம். சில வீறாப்புக்காரர்கள் "உலகமே" என்பார்கள். அதையும் முகம் கோணாமல் எழுதிக்கொள்வாள்.

தன் அனுபவங்களை எழுதிக்கொண்டுவந்த ஒரு லாரி ஓட்டுநரிடம் மட்டும் அதைக் கேட்கவில்லை. அச்சகத்தில் தேதி வாங்கியாகிவிட்டது என்று முதலாளி காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நின்றார். முப்பது வருடப் பயணக் கதை, எல்லோரும்தான் படிப்பார்கள் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் நன்றாகவே எழுதியிருந்தார். பிரேக் பிடிக்காத இறக்கம், மண் சரிந்த பாதை, எதிரே வருகிறவன் விளக்கைத் தணிக்காத எரிச்சல், எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. அந்தப் பேச்சில் அவள் கைவைக்கவில்லை. ஒன்றுதான் உறுத்தியது. ஒவ்வொரு பயணத்திலும், "சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்" என்று ஒரு வரி. எண்ணினாள், இருபத்தேழு இடம். முதலாவதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சிவப்பு மையால் அடித்தாள்.

ஓட்டுநர் இருமிக்கொண்டே வந்து பக்கங்களைப் பார்த்தார். அந்த வரி மட்டும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார். படிக்கிறவர்களுக்குச் சலிப்புத் தட்டும் என்று அவள் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். கொஞ்ச நேரம் பிடரியைத் தடவினார். "உங்களுக்குத் தெரியாததா மேடம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

புத்தகம் பைண்டிங்கில் இருந்தபோது அவர் இறந்துவிட்டார்.

பத்துப் பிரதிகளைக் கட்டிக்கொண்டு திருத்தக்காவே அவருடைய மூன்றாம் மாடி வீட்டுக்குப் போனாள். அவர் மனைவிக்குப் பார்வை மங்கி நாலு வருடம் ஆகியிருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். முதல் பயணத்தில் அந்த வரி வந்ததும் அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. இரண்டாவது பயணம் முடிந்தது, மூன்றாவதும் முடிந்தது. அந்த அம்மாள் மகளை நிறுத்தினாள்.

"நடுவுல எதையாவது விட்டுட்டியாடி?"

"இல்லம்மா, இருக்கறதத்தான் படிக்கறேன்."

அந்த அம்மாள் திருத்தக்கா பக்கம் திரும்பி விஷயத்தைச் சொன்னாள். அவர் கிளம்பினால் பத்துப் பதினைந்து நாள் ஆளைக் காண முடியாது. வந்ததும் இவள் கேட்பது, வேளாவேளைக்குச் சாப்பிட்டீங்களா என்பதுதான். அவர் சிரித்து மழுப்பிவிடுவார். எழுத உட்கார்ந்தபோது, எல்லா ட்ரிப்புக்கும் சேர்த்துப் புத்தகத்தில் பதில் சொல்கிறேன், வரட்டும் என்றாராம்.

"அப்ப மொத தடவ மட்டுந்தான் சாப்பிட்டிருக்காரு" என்றாள்.

அவர் எழுதியிருந்தார், அடித்தது நான்தான் என்று திருத்தக்கா சொன்னாள். அந்த அம்மாள் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. பரவால்லம்மா."

மறுநாள் காலையிலேயே கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் படியேறினாள். மகள் சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்த அப்பாவின் எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடி வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மாள் "ம்" கொட்டினாள். இருபத்தாறும் முடிந்ததும் கேட்டாள்.

"அடிச்சப்ப அவரு ஒண்ணும் சொல்லலியா?"

"இருக்கட்டும்னு கேட்டாரும்மா. ஏன்னு நான் கேக்கல."

அந்த அம்மாள் கையை நீட்டி அந்தக் காகிதக் கட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பத்துப் புத்தகங்களும் கட்டுப் பிரித்தபடி மேஜையிலேயே கிடந்தன.